பூல் மேசையில் குறி வைப்பது எப்படி: ஐந்து முறைகளையும் அடித்துப் பார்த்து ஒப்பிடும் வழி

பூல் ஆட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனவர்களுக்கு ஒரு கட்டம் வரும். நேராக நிற்கும் பந்து விழுகிறது, கொஞ்சம் சாய்வாக இருந்தால் விழுவதும் விழாததும் அன்றைய ராசியைப் பொறுத்து. உடனே வீடியோ தேட ஆரம்பிப்போம். ஒருவர் கோஸ்ட் பால் என்பார், இன்னொருவர் அதெல்லாம் குழந்தைகளுக்கு, பின்னக் கணக்குதான் சரி என்பார், மூன்றாமவர் காசு கட்டினால் ரகசியத்தைச் சொல்கிறேன் என்பார். நானும் இப்படி ஒரு வருஷம் முறை மாற்றி முறை மாற்றி, மணிக்கணக்கில் டேபிள் வாடகை கொடுத்து, பழைய இடத்திலேயே நின்றவன்தான்.

இந்த முறைகள் எல்லாம் கடைசியில் காட்டுவது ஒரே கோட்டைத்தான். வெள்ளைப் பந்து எந்தப் பாதையில் போனால் கலர் பந்து பாக்கெட்டில் விழுமோ, அந்தப் பாதை ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க உங்கள் கண்ணை எங்கே வைக்கச் சொல்கிறார்கள் என்பதில் மட்டும்தான் முறைக்கு முறை வித்தியாசம். அதனால் எது உசத்தி என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம், எது உங்கள் கண்ணுக்கு ஒத்துவருகிறது என்று எண்ணிப் பார்த்துவிடலாம். அதற்கான வழிதான் கீழே.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., அதாவது இரண்டேகால் அங்குலம். போட்டிக்குரிய மேசையில் மூலை பாக்கெட்டின் வாய் சுமார் நாலரை அங்குலம், 114 மி.மீ. பந்து நட்டநடுவில் போனால் இரு பக்கமும் தோராயமாக 28 மி.மீ. இடம் இருக்கும். கலர் பந்து பாக்கெட்டிலிருந்து 90 செ.மீ. தள்ளி நின்றால், அது போகவேண்டிய திசையில் ஏறக்குறைய 1.8 டிகிரி வரை பிசகலாம்.

தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் வெள்ளைப் பந்து வந்து மோதும் இடத்தில் கணக்குப் போட்டால், நேர் ஷாட்டில் அதன் மையம் இரண்டு மி.மீ.க்கும் குறைவாகத்தான் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகலாம். 60 டிகிரி கட் (கலர் பந்தை நேராகத் தள்ளாமல் ஓரத்தில் தொட்டு 60 டிகிரி திருப்புவது) என்றால் அதில் பாதி, 0.9 மி.மீ. ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் தடிமனைவிடக் குறைவு. மெல்லிய கட் ஏன் கஷ்டம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். கண்ணால் ஒரு மில்லிமீட்டரை ஒன்றரை மீட்டர் தூரத்தில் யாரும் அளக்க முடியாது என்பதையும் இப்போதே மனசில் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் வேலை: குறி தப்பா, கை தப்பா?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். குறியைக் குற்றம் சொல்பவர்களில் முக்காலே மூணு வீசம் பேருக்குக் கோளாறு கையில்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். இடப்பக்கக் கட் மட்டும் தவறிக்கொண்டே இருந்தது, கோஸ்ட் பால் எனக்குச் சரிப்படாது என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நண்பர் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். குறி சரியாகத்தான் இருந்தது, அடிக்கும் நொடியில் என் முழங்கை வெளியே போய் க்யூ கோலை இழுத்துவிட்டிருந்தது.

சோதனை எளிது. கோடு போட்ட பந்து ஒன்றை எடுத்து வெள்ளைப் பந்தின் இடத்தில் வையுங்கள், கோடு செங்குத்தாக நிற்கட்டும், நீங்கள் அடிக்கும் திசைக்கு நேராக. மேசையின் நீளவாக்கில் எதிர் குஷனுக்கு (ஓரத்து ரப்பர் விளிம்புக்கு) நடுவேகத்தில் அடியுங்கள். கோடு ஆடாமல் சக்கரம் மாதிரி உருண்டால் நடுவில் அடித்திருக்கிறீர்கள். கோடு தள்ளாடினால் தெரியாமலே சைடு ஸ்பின் (பக்கவாட்டுச் சுழற்சி) கொடுக்கிறீர்கள். பத்தில் ஏழு முறையாவது கோடு ஒழுங்காக உருளும்வரை குறி முறைகளைப் பற்றிப் பேசுவதே வீண்.

அடுத்தது நேர் ஷாட். வெள்ளை, கலர் பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில். வெள்ளையின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்து அது மோதிய இடத்திலேயே நிற்கவேண்டும். கலர் பந்து எப்போதும் ஒரே பக்கம் விலகுகிறது என்றால், தலை க்யூவுக்கு மேல் தப்பான இடத்தில் இருக்கலாம். சிலருக்கு க்யூ வலது கண்ணுக்குக் கீழே இருந்தால்தான் நேர்கோடு நேராகத் தெரியும், சிலருக்கு மூக்குக்கு நேராக. தலையை ஒரு விரற்கடை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். கண்டுபிடித்த இடத்தை மாற்றாதீர்கள்.

முறை 1: கோஸ்ட் பால்

கலர் பந்தைப் பாக்கெட்டுக்கு நேராகத் தள்ளும் இடத்தில், அதை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அந்த இல்லாத பந்தின் இடத்தில் வெள்ளையைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் முடிந்தது. கற்பனைப் பந்தின் மையம், கலர் பந்தின் பின்விளிம்பிலிருந்து 28.6 மி.மீ. பின்னால் இருக்கும்.

கற்றுக்கொள்ளும் வழி: உண்மையிலேயே ஒரு பந்தை அங்கே ஒட்டிவையுங்கள். பாக்கெட்டுக்குப் பின்னால் போய் நின்று மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பந்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி (கடைக்காரரிடம் கேட்டுவிட்டு!) அதன் நடுவை நோக்கி அடியுங்கள். இருபது முறை ஸ்டிக்கரோடு, இருபது முறை இல்லாமல்.

கேரம் ஆடிய எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்தான், ஸ்ட்ரைக்கர் காயினை எங்கே தொடவேண்டும் என்று நாம் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கேரம் போர்டை மேலிருந்து பார்க்கிறோம், அதனால் தொடும் இடம் படம் வரைந்த மாதிரித் தெரிகிறது. பூலில் குனிந்து க்யூ மட்டத்துக்கு வந்தவுடன் அந்தப் படம் மறைந்துவிடுகிறது, வெறும் காற்றில் ஒரு புள்ளியைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோஸ்ட் பாலின் பலவீனம் இங்கேதான். நின்றபடி பார்க்கும்போது அருமையாக இருக்கும், குனிந்தால் நழுவும்.

முறை 2: பின்னக் கணக்கு

குனிந்து பார்க்கும்போது மேல்நோட்டம் கிடைக்காவிட்டாலும் வேறு ஒன்று கிடைக்கிறது. மோதும் நொடியில் வெள்ளைப் பந்து கலர் பந்தை எவ்வளவு மறைக்கும் என்பது தெரியும். பாதியை மறைத்தால் அரைப் பந்து, கட் கோணம் 30 டிகிரி. வெள்ளையின் மையம் கலர் பந்தின் விளிம்பை நோக்கிப் போகும். முக்கால் பந்து என்றால் 14.5 டிகிரி. கால் பந்து (ஆமாம், சிரித்துவிட்டு மேலே படியுங்கள்) 48.6 டிகிரி. அரைக்கால் பந்து 61 டிகிரி.

நம் பழைய பின்னப் பெயர்கள் இங்கே அப்படியே உதவுகின்றன. முக்காலே அரைக்கால் 7 டிகிரி, அரையே அரைக்கால் 22, காலே அரைக்கால் 39. இந்த ஏழு எண்களையும் மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். அரைப் பந்தை மட்டும் முதலில் கைக்குப் பழக்குங்கள், ஏனென்றால் விளிம்பு என்பது கண்ணால் நிஜமாகவே பார்க்க முடிகிற இடம், கற்பனை வேண்டாம். பழைய இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்கள் அரைப் பந்து மோதலை வைத்தே பாதி ஆட்டத்தை ஆடினார்கள். உருண்டு வரும் வெள்ளை முக்காலுக்கும் காலுக்கும் இடையில் எங்கே மோதினாலும், மோதிய பிறகு அது தன் பழைய பாதையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரிதான் திரும்பும் என்பதும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று கணிக்க உதவும்.

குறை என்ன? இடைவெளி. அரைப் பந்துக்கும் முக்கால் பந்துக்கும் நடுவே 15 டிகிரி இருக்கிறது. அரைக்கால் அரைக்காலாகப் பிரித்தாலும் 7 முதல் 12 டிகிரி வரை இடைவெளி. நமக்கு அனுமதியோ 1.8 டிகிரி. கலர் பந்து பாக்கெட்டிலிருந்து ஓரடிக்குள் நின்றால் 5 டிகிரி வரை பிசகலாம், அங்கே பெரும்பாலும் பின்னமே போதும். தூரமாக நின்றால் மாகாணி வரை பிரித்தாலும் போதாது, இடையில் உள்ளதைக் கண் தானாக நிரப்பியாக வேண்டும். அதைச் சொல்லாமல் ‘ஏழு எண்ணில் எல்லா ஷாட்டும்’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.

முறை 3: தொடுபுள்ளிக்குத் தொடுபுள்ளி

பாக்கெட்டிலிருந்து கலர் பந்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது பந்தின் பின்புறத்தில் வெளிவரும் இடம்தான் தொடுபுள்ளி. இதை எல்லோரும் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் புதிதாக ஆடுபவர்களின் மிகப் பெரிய தவறு நடக்கிறது: வெள்ளையின் நடுவை அந்தப் புள்ளிக்கு நேராக அடித்துவிடுவார்கள். பந்து உருண்டை என்பதால் வெள்ளையின் நடு அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே அதன் பக்கவாட்டு வந்து மோதிவிடும். 30 டிகிரி வெட்டவேண்டிய பந்து சுமார் 14.5 டிகிரிதான் திரும்பும். நீங்கள் எப்போதும் தடியாகவே (கலர் பந்தின் நடுவுக்குப் பக்கமாகவே) அடிக்கிறீர்கள் என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

சரியான வழி: பாக்கெட் கோட்டுக்கு இணையாக வெள்ளையின் மையம் வழியாக இன்னொரு கோட்டை மனசில் இழுங்கள். அது வெள்ளையின் முன்புறத்தில் வெளிவரும் இடம்தான் வெள்ளையின் தொடுபுள்ளி. கலர் பந்தில் வலப்பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, வெள்ளையில் இடப்பக்கம் அவ்வளவு. இந்த இரண்டு புள்ளிகளும் முத்தமிட வேண்டும். இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக க்யூவை வைத்தால் பாதை கிடைத்துவிடும். க்யூவை அந்தக் கோட்டின் மேல் பிடித்து, கோணம் மாறாமல் வெள்ளையின் நடுவுக்கு நகர்த்திப் பழகுங்கள்.

மெல்லிய கட்டுகளுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. தடித்த ஷாட்டுகளில் இரண்டு புள்ளிகளும் நடுவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

முறை 4: இரட்டிப்பு

மூன்றாவதின் சோம்பேறித் தம்பி. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது தொடுபுள்ளி கலர் பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள், அதே திசையில் அதைப் போல இரண்டு மடங்கு தள்ளிய இடத்தை நோக்கி வெள்ளையின் நடுவை அனுப்புங்கள். கணக்கு சுத்தமானது. 30 டிகிரிக்குத் தொடுபுள்ளி 14.3 மி.மீ., அதன் இரட்டிப்பு 28.6, சரியாகப் பந்தின் விளிம்பு. 30 டிகிரிக்கு உள்ளே குறி பந்தின் மேலேயே விழும் என்பதால் வேகமாக ஆட இது வசதி. அதைத் தாண்டினால் குறி காற்றில் போய்விடும், அங்கே விட்டுவிடுங்கள்.

முறை 5: சி.டி.ஈ. (சென்டர் டு எட்ஜ், மையத்திலிருந்து விளிம்பு), இன்ன பிற பிவட் (க்யூவைத் திருப்பும்) முறைகள்

ஹால் ஹூல் என்ற அமெரிக்கர் பரப்பிய யோசனை, பிற்பாடு ஸ்டான் ஷஃபெட் அதை ‘ப்ரோ ஒன்’ என்று விரிவாக்கினார். வெள்ளையின் மையத்திலிருந்து கலர் பந்தின் விளிம்புக்கு ஒரு பார்வைக் கோடு, வெள்ளையின் விளிம்பிலிருந்து கலர் பந்தின் கால், அரை, முக்கால் இடங்களில் ஒன்றுக்கு இன்னொரு பார்வைக் கோடு. இரண்டும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நின்று, க்யூவை நடுவுக்குச் சற்றுத் தள்ளி இறக்கி, வெள்ளையின் நடுவுக்குத் திருப்பவேண்டும்.

இதை வைத்து வருஷக்கணக்காகச் சண்டை நடக்கிறது. மையத்திலிருந்து விளிம்பு என்பது அப்பட்டமான அரைப் பந்துக் கோடு, அதிலிருந்து இரண்டு மூன்று நிலையான திருப்பங்கள் செய்தால் இரண்டு மூன்று கோணங்கள்தானே வரும், மற்ற கோணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது எதிர்ப்பவர்களின் கேள்வி. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியடோர் இந்தக் கேள்வியை விரிவாகவே எழுப்பியிருக்கிறார். ஆதரிப்பவர்களோ பந்து விழுகிறதே, பிறகென்ன என்கிறார்கள். என் கட்சி: கேள்வி நியாயமானது. ஆனாலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே ஒழுங்கோடு நின்று, ஒரே ஒழுங்கோடு குனியவைப்பதால் இது பலருக்கு நிஜமாகவே பலன் தருகிறது. அந்த ஒழுங்கைக் காசு கொடுக்காமலும் கற்கலாம்.

எல்லா முறையும் சொல்லாமல் விடும் ஒன்று: த்ரோ

மேலே சொன்ன வடிவியல் எல்லாமே இரண்டு பந்துகளுக்கும் நடுவே உரசலே இல்லை என்று வைத்துக்கொண்டு சொன்னது. நிஜத்தில் மோதும்போது வெள்ளை, கலர் பந்தைத் தான் போகும் திசையிலேயே கொஞ்சம் இழுத்துவிடும். மெதுவாக, வெள்ளை உருளாமல் சறுக்கி வந்து அரைப் பந்தாக மோதும்போது இது அதிகம், மோசமான நிலையில் 5 டிகிரி வரை, அதாவது ஓரடிக்கு ஓரங்குலம். நம் 1.8 டிகிரியை இது முழுங்கி ஏப்பம் விட்டுவிடும். வேகமாக அடித்தாலும், வெள்ளை நன்றாக உருண்டு வந்தாலும் குறையும். அழுக்குப் பந்தில் கூடும். பந்துகளைத் துடைத்தே பல நாள் ஆகியிருக்கும் பார்லரில் ஆடும்போது ஒரு துணியைக் கையோடு எடுத்துப் போவதில் வெட்கமில்லை.

செய்யவேண்டியது: மெதுவான கட் ஷாட்டுகளைக் கணக்குச் சொல்வதைவிட ஒரு மயிரிழை மெலிசாக வெட்டுங்கள்.

இப்போது சோதனை

9 அடி மேசை என்று வைத்துக்கொள்கிறேன், குஷனிலிருந்து குஷன் 100 அங்குலம், அகலம் 50. ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளை முக்கோணமாக அடுக்கும் ரேக்கின் முதல் பந்து உட்காரும் புள்ளியில் கலர் பந்தை வையுங்கள். பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் பக்கம் நின்று பார்த்தால் எதிரே தெரியும் இடது மூலை பாக்கெட்தான் இலக்கு, தூரம் சுமார் 90 செ.மீ. வெள்ளைக்கு நான்கு இடங்கள்:

அ) இரண்டு நடு பாக்கெட்டுகளையும் இணைக்கும் கோட்டில், மேசையின் மையத்திலிருந்து வலப்பக்கம் 15.5 அங்குலம். இது முக்கால் பந்து.

ஆ) பிரேக் கோட்டில் (பிரேக் அடிக்கும் பக்கக் குஷனிலிருந்து மேசை நீளத்தில் கால் பங்கு தள்ளிய கோடு), நடுவிலிருந்து வலப்பக்கம் 14.5 அங்குலம். சரியான அரைப் பந்து.

இ) பிரேக் கோட்டின் நட்டநடுவில். 47 டிகிரி, கால் பந்துக்கு ஒரு நூல் தடி.

ஈ) பிரேக் கோட்டில் இடப்பக்கம் 11.5 அங்குலம். 60 டிகிரி, அரைக்கால் பந்து.

8 அடி மேசையில் (88க்கு 44) முறையே 13.5, 13, நடு, 10 அங்குலம். டேப் கொண்டுபோய் ஒருமுறை அளந்து, டயமண்டுகளை (மேசை விளிம்பில் பதித்த குறிகளை) வைத்து அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலிருந்தும் பத்து ஷாட், ஒரே முறையில். சைடு ஸ்பின் கிடையாது, நடுவேகம். நாற்பது பந்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான், ஒரே நாளில் ஐந்தையும் கலந்தால் ஒன்றும் புரியாது. விழுந்ததை மட்டும் எழுதாதீர்கள், தவறியது தடியாகத் தவறியதா, மெலிசாகத் தவறியதா என்பதுதான் முக்கியம்.

நாலு இடத்திலும் தடியாகவே தவறுகிறது என்றால் த்ரோவை மறந்துவிட்டீர்கள், அல்லது தொடுபுள்ளிக்கே நேராக அடிக்கிறீர்கள். தடியும் மெலிசும் மாறி மாறி வந்தால் அது குறியே இல்லை, கை. கோடு போட்ட பந்துக்குத் திரும்பிப் போங்கள். வலது மூலைக்கு இதையே திருப்பிவைத்து அடிக்கும்போது மட்டும் எண்ணிக்கை சரிந்தால் தலை இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

என் நோட்டில் வந்தது இப்படி: அ, ஆ இரண்டுக்கும் பின்னம், ஈ இடத்துக்குத் தொடுபுள்ளி முறை, இ இடத்தில் எதுவுமே உருப்படியில்லை. அதனால் இப்போது தடித்த ஷாட்டுக்கு ஒன்று, மெல்லிசுக்கு ஒன்று என்று இரண்டு முறைகளைக் கலந்துதான் ஆடுகிறேன். ஒரே முறைக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 47 டிகிரி இன்னும் கடன்தான்.

ஷாட் அடிக்கும் வரிசை

எந்த முறை ஆனாலும் இது மாறாது. முதலில் கலர் பந்துக்குப் பின்னால் போய் நின்று பாக்கெட் கோட்டைப் பாருங்கள். அப்புறம் வெள்ளைக்குப் பின்னால் வந்து, நின்றபடியே உங்கள் முறைப்படி கோட்டை முடிவு செய்யுங்கள். பின்காலை அந்தக் கோட்டில் வைத்து, பார்வையைக் கலர் பந்திலிருந்து எடுக்காமல் கோட்டின் மேலேயே குனியுங்கள். இரண்டு மூன்று ஒத்திகை, பின்னால் இழுத்ததும் ஒரு நொடி நிறுத்தம், கடைசிப் பார்வை கலர் பந்தின் மேல், அடி. குனிந்த பிறகு ‘கொஞ்சம் தள்ளி அடிக்கலாமோ’ என்று தோன்றினால் க்யூவை மட்டும் திருப்பாதீர்கள். எழுந்துவிடுங்கள், முதலிலிருந்து. எதிரே ஆடுபவர் பெருமூச்சு விட்டால் விடட்டும்.

சைடு ஸ்பின்னைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வலப்பக்கம் அடித்தால் வெள்ளை முதலில் இடப்பக்கம் சற்று விலகும், மெதுவான ஷாட்டில் பிறகு வளைந்து திரும்பி வரும். எவ்வளவு என்பது உங்கள் க்யூவைப் பொறுத்தது, பார்லரில் கைக்குக் கிடைத்ததை எடுத்து ஆடினால் தினமும் ஒரு அளவு. ஆ, இ இரண்டிலும் ஸ்பின் இல்லாமல் பத்துக்கு ஏழு வந்த பிறகு ஆ இடத்தில் மட்டும் ஆரம்பியுங்கள், ஒரே க்யூ, அரை டிப் (க்யூ நுனித் தோல்) அளவு, கட் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம். நம் சோதனையில் கலர் பந்து இடது மூலைக்குப் போகிறது, ஆகவே வெள்ளையின் வலப்பக்கம். இந்தப் பக்க ஸ்பின் த்ரோவைக் குறைக்கும், ஆனால் வெள்ளை இடப்பக்கம் விலகுவதால் ஷாட் தடியாகவும் வாய்ப்புண்டு. இரண்டில் எது உங்கள் க்யூவில் ஜெயிக்கிறது என்று இருபது ஷாட்டில் தெரிந்துவிடும், அதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.